ஒரே மூச்சில்

நாலு மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள்.
ஒருவனைப் பன்னிரண்டு பேர் தூக்கி வந்தார்கள்.
பேச்சிப்பாறை வளைவில் பைக் சறுக்கி
முழங்கால் பிளந்திருந்தது.
"செத்துருவான் சிஸ்டரே" என்று
குலசேகரம் ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கச் சத்தம்.
மற்றவர் நடந்து வந்தார்.
செருப்பை வாசலில் கழற்றி வைத்தார்.

பால்வெட்டப் போனவர்.
நெற்றியில் லைட் எரிந்துகொண்டிருந்தது,
அணைக்க மறந்திருந்தார்.
"ஒண்ணுமில்ல, வயிறு கொளுத்திப் பிடிக்கு.
கேஸா இருக்கும்."

முழங்காலைத் துணி வைத்து அழுத்தி,
"இப்படியே பிடி" என்று
அதிகம் கத்தியவன் கையிலேயே கொடுத்தேன்.
கத்துகிறவர்களுக்கு
காற்று போய் வந்துகொண்டிருக்கிறது.

தாசையன், நாற்பத்தாறு, களியல்.
பிரஷர் சரி. நாடி சரி. சர்க்கரை சரி.
ஈசிஜி கோட்டில் ஒரு குறையும் இல்லை.
அவர் லைட்டையே கழற்றி
கால்விரல் இடுக்குவரை அடித்துப் பார்த்தேன்.
கொசுக்கடி, காய்ந்த ரப்பர்ப்பால்.
பல் பதிந்த தடம் இல்லை.
குழாயில் நிறுத்திய ரத்தமும்
இருபது நிமிடத்தில் ஒழுங்காக உறைந்து கிடந்தது.
எல்லாமே வீட்டுக்கு அனுப்பச் சொன்னது,
இமைகள் தவிர.

தூக்கம் என்றார்.
ரெண்டு மணிக்கு எழும்புகிறவருக்கு வராதா?
ஆனால் தூக்கத்தில் கனக்கும் இமை
பெயரைச் சொன்னால் மேலேறும்.
இவர் மோவாயைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"எங்க படுத்துக் கெடந்திய?"
"தரையில. உள்ள ஒரே புழுக்கம்."
"ஒரே மூச்சுல எண்ணுங்க, முடியிற வரைக்கும்."
இருபத்தாறு.
பள்ளிக்கூடம் மாதிரி இருக்கு என்று சிரித்தார்.
ஐந்து நிமிடம் கழித்து, பத்தொன்பது.
சிரிப்பு ஒரு பக்கம் வரவில்லை.

டாக்டர் தியேட்டரில். திறந்த வயிற்றுக்குள்
ஒரு குழந்தை இன்னும் வெளியே வரவில்லை.
யாரோ அவர் காதில் போனைப் பிடித்தார்கள்.
"கடிவாய்?"
"இல்ல சார்."
"ரத்தம்?"
"உறைஞ்சிருச்சு."
"பின்ன எதை வச்சு?"

எதை வைத்து.
போன வருஷம் மாசியில், இதே பெஞ்சில்,
வயிற்றுவலி என்று வந்தவளுக்கு
நான் போட்ட கேஸ் ஊசி.
போய்ட்டு வாறேன் சிஸ்டர் என்று
மோவாயைத் தூக்கிப் பார்த்துச் சொல்லிவிட்டு
ஆட்டோவில் ஏறினாள்.
அதை எந்த நோட்டிலும் எழுதவில்லை.
போனில் சொல்லவும் முடியாது.

"கண் இறங்குது சார். எண்ணிக்கை குறையுது.
தரையில படுத்திருக்காரு."
தட்டில் கத்தரி விழும் சத்தம். பிறகு,
"பத்து ஏத்துங்க. நான் சொன்னேன்னு எழுதுங்க."

மருந்தும் சிலருக்கு விஷம்.
அட்ரினலின் ஏற்றிய சிரிஞ்சைத்
தலைமாட்டில் வைத்த பிறகுதான்
பத்துக் குப்பிகளையும்
உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக் கரைத்தேன்.
குலுக்கினால் நுரைத்துவிடும்.
நம் அவசரம் அதற்குத் தெரியாது.

பதினொன்று.
ஏழு.
நாலு என்று உதடு சொன்னது, ஒலி இல்லை.

முழங்காலை ஜெசிந்தாவிடம் விட்டுவிட்டு
ஆம்புலன்ஸில் ஏறினேன்.
தக்கலை தாண்டும்போது
அவர் மூச்சு என் கையில் இருந்தது,
ஐந்து நொடிக்கு ஒரு அமுக்கல்.
வில்லுக்குறியில் பால்வண்டி குறுக்கே நின்றது.
கட்டுவிரியன் தீண்டியவருக்குக்
கண் திறக்காது, விரல் அசையாது,
காது மட்டும் கேட்டுக்கொண்டிருக்கலாம்.
அவர் நிறுத்திய இடத்திலிருந்து
உரக்க எண்ணினேன்.
ஐந்து. ஆறு. ஏழு.
ஆசாரிப்பள்ளம் வாசலில் அறுநூற்றுப் பன்னிரண்டு.
வெண்டிலேட்டர்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

திரும்பி வந்தபோது விடிந்திருந்தது.
கோட்டுப் பையில் அவருடைய லைட்
இன்னும் எரிந்துகொண்டிருந்தது.
மேஜையில் முழங்கால்காரர்கள் எழுதிவைத்த புகார்,
நேரம் உள்பட எல்லாம் சரியாக:
4.10 முதல் 4.50 வரை
நர்ஸ் எங்களைக் கவனிக்காமல்
யாரோ ஒருவருக்கு
ஒன்று இரண்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.